சின்னவளுக்கு மட்டும் சொல்லாதது

ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். சண்டை வரும் என்று அவ்வளவு ஆசை! பொறுங்கள் கண்ணுகளா. இந்த இருவரும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மூத்தவள் நீச்சல் குளத்தில் வேலை பார்த்தாள். பெண்கள் உடை மாற்றும் அறை அவள் பொறுப்பு. விடிந்தும் விடியாமலும் போய்ப் பின்கதவைத் திறப்பாள். தரையில் நிற்கும் தண்ணீரை ரப்பர் துடைப்பானால் தள்ளிவிடுவாள். அலமாரிச் சாவிகளை எண் பார்த்து ஆணியில் மாட்டுவாள். மணிக்கட்டில் போட்டுக்கொள்ள ஒவ்வொரு சாவியிலும் ஒரு ரப்பர் வளையம் தொங்கும். மாடிப்படிக்கு அடியில் குனிந்து வால்வைத் திருகினால் ஆறு ஷவருக்கும் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு டிக்கெட் ஜன்னல் திறந்ததும் அவள் வாயும் திறந்துவிடும்.

"தலைய நனைங்கம்மா, தலைய நனைங்க! காஞ்ச தலை குளத்துத் தண்ணிய உறிஞ்சி எடுத்துடும். நல்ல தண்ணிய முதல்ல குடுத்துட்டா அப்புறம் அதுக்கு ஏது இடம்? வயிறு நெறஞ்ச புள்ள கண்டத வாயில வைக்குமா?"

சின்னப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஷவருக்கு அடியில் போய் நிற்பார்கள். விடமாட்டாள். "கண்டிஷனர் கோலிக்குண்டு அளவு எடுத்து நுனியில தடவு. ஆங், இப்பப் போடு தொப்பிய. தொப்பி போட்டா போதாதான்னு கேக்காத. தொப்பி என்ன கப்பலா, தண்ணி உள்ள வராம இருக்க?" குளித்து ஏறியவர்களையும் வழிமறிப்பாள். "வீட்டுக்குப் போய் அலசிக்கலாம்னு அப்படியே முடிஞ்சிக்கிட்டுப் போகாதீங்க. அந்த மருந்துத் தண்ணி தலையிலயே உக்காந்து, வாடகை குடுக்காம குடித்தனம் பண்ணும்."

ஒன்பது வருஷமாக இதே பாட்டு. வெளி நடையில் இதையெல்லாம் எழுதிய பலகை ஒன்றும் உண்டு. பலகையை யார் படிக்கிறார்கள்? அவள் குரல்தான் பலகை. எத்தனையோ பெண்களின் கூந்தல் அவள் வாயால் பிழைத்தது.

அவள் கூந்தல் மட்டும் பிழைக்கவில்லை. மகளைப் பெற்ற கையோடு வந்த காய்ச்சலில் பிடி பிடியாகக் கொட்டியது. திரும்ப வளர்ந்தது எலிவால்தான். அதை இழுத்து முடிந்தால் சுண்டுவிரல் நகத்தளவு கொண்டை வரும். "இருக்கறவ அள்ளி முடியறா" என்று மாமியார் எப்போதோ சொன்னதைக் கேலி என்றே அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் சொன்னால் யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்?

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தே போய் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள். வாரத்தில் நாலு நாள் வீட்டில் ஆண் வாடையே இருக்காது. ஆக, மாமியார், இரண்டு மருமகள்கள், மூத்தவளின் ஆறு வயது மகள். அந்தக் குழந்தையை வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வாலுவுக்குச் சித்தியைப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போயிற்று. சித்தியை என்று சொல்வதைவிடச் சித்தியின் சடையை என்று சொல்லலாம்.

அது எப்படிப்பட்ட சடை தெரியுமா? நடந்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மணி அடிப்பதுபோல் இடமும் வலமும் ஆடும். உட்கார்ந்தால் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலிக்காலில் சிக்கும். சின்னவள் தையல் நிலையத்தில் வேலை செய்தாள். மிஷின் சக்கரத்தில் மாட்டிவிடக் கூடாதென்று அதைச் சுருட்டி மூன்று கொண்டை ஊசி போட்டுத்தான் உட்காருவாளாம். வீட்டுக்கு வந்து ஊசிகளை உருவினால், அது தானாகப் பிரிந்து இறங்குவதைப் பார்க்க வாலு ஓடி வந்து முன்னால் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் வாலுவுக்குத் தூக்கம் வரும். அதுவரை அம்மாவின் வயிற்றில் கால் போட்டுத் தூங்கிய குழந்தை, இப்போது சித்தியின் அறைக்கு ஓடும். சடை நுனியைக் கைவிரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றி, முஷ்டியை மூடி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். மறுநிமிடம் தூக்கம்.

"இங்க வந்து படேன்டி," என்று ஒரு நாள் மூத்தவள் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லம்மா," என்றது குழந்தை. குழந்தைகள் பொய் சொல்லாது என்பார்கள். சில நேரம் சொன்னால் நன்றாக இருக்கும்.

வயிறு எரிந்தது. எரிகிறதென்று யாரிடம் சொல்வது? சின்னவள் நல்லவள். அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். மூத்தவளின் வேலை உடுப்பில் கிழிசல் இருந்தால் கேட்காமலே தைத்து மடித்து வைப்பாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்படி இருக்கையில், நாளெல்லாம் மிஷின் முன்னால் குனிந்ததில் சின்னவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாத்திரை வேண்டாம், நீச்சல் பழகுங்கள் என்றார் டாக்டர். "பெரியவ இருக்கற எடத்த விட்டுட்டு எங்க போகணும்? கூட்டிட்டுப் போ," என்றார் மாமியார். ஊழியர் வீட்டார் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை டிக்கெட் இல்லாமல் நீந்தலாம். குளத்தைக் காவல் காக்கும் விசில்காரர் கைகால் அசைக்கச் சொல்லித் தருவார். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் சின்னவள் நேராகத் தையல் நிலையத்துக்குப் போய்விடலாம்.

முதல் நாள் இருவரும் பின்கதவு வழியாகப் போனார்கள். வெளி நடையும் பலகையும் முன்வாசல் பக்கம் இருந்தன; சின்னவள் கண்ணில் படவில்லை. தரை துடைத்து முடித்து மூத்தவள் நிமிர்ந்தபோது, சின்னவள் நீச்சலுடையில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சடை முன்பக்கம் தொங்கியது. வெள்ளை டைல்ஸ் தரைமேல் அது இன்னும் கருப்பாகத் தெரிந்தது.

"எறங்கறதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணணுமாக்கா?"

பாட்டு தொண்டை வரை வந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற பாட்டு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிற பாட்டு. நாக்கு நுனிக்கு வந்து நின்றுவிட்டது.

"தொப்பி போட்டுக்கோ. அவ்வளவுதான்."

"ஷவர்ல நிக்க வேண்டாமா?"

"தண்ணி ஏழு மணிக்குத்தான் விடுவாங்க."

விடுவாங்க! விடுகிறவளே அவள். வால்வு மூன்று எட்டுத் தூரத்தில் இருந்தது.

இருப்பதிலேயே பெரிய தொப்பியாக எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சடையை அதற்குள் திணிக்க இருவர் கை வேண்டியிருந்தது. திணித்த பிறகும் தொப்பி மேலே மேலே ஏறியது. "தலையில பூசணிக்காய் வெச்ச மாதிரி இருக்கா?" என்று சின்னவள் சிரித்தாள். காய்ந்த முடியோடு குளத்தில் இறங்கினாள். ஏறியதும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஈரச்சடையைச் சுருட்டி, மூன்று ஊசி குத்திக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் வரை அது பிரிக்கப்படாது என்று மூத்தவளுக்குத் தெரியும்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று மறுநாள் நினைத்தாள். ஒரு வாரம் போனபின், ஒரு வாரத்துக்கும் சேர்த்தல்லவா பதில் சொல்ல வேண்டும்? நாள் போகப் போகச் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தையாக இல்லை; மூட்டையாகிவிட்டது. ஆறரைக்குச் சின்னவளை அனுப்பிவிட்டு, ஏழு மணிக்கு வந்தவர்களிடம் பாட்டை மட்டும் முன்னைவிட உரக்கப் பாடினாள்.

சின்னவளின் முதுகு பதினைந்தே நாளில் நேரானது. நீச்சலும் வந்துவிட்டது. "இவங்களுக்குத் தண்ணி பயமே இல்லம்மா, மீனு!" என்று விசில்காரர் மூத்தவளிடமே வந்து மெச்சினார். ஒன்பது வருஷத்தில் மூத்தவள் ஒரு நாளும் குளத்தில் கால் வைத்ததில்லை. அந்த மெச்சலையும் எரிகிற அடுப்பில் விறகாக வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் சடையில் பளபளப்பு போயிற்று. மூன்றாம் மாதம் நுனி செம்பட்டையாகி இரண்டிரண்டாகப் பிளந்தது. சீப்பு உள்ளே போக மறுத்தது. இழுத்தால் நடுவில் ஒடிந்தது. தொட்டுப் பார்த்த மாமியார் "தேங்காய் நாரு மாதிரி இருக்கேடி" என்றார். சின்னவள் ஷாம்பூவை மாற்றினாள். வீட்டுத் தண்ணீரைக் குறை சொன்னாள். தையல் நிலையத்துப் பஞ்சுத் தூசியோ என்றாள். வாரம் ஒரு எண்ணெய் வாங்கினாள். குளத்தை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை. குளத்தில்தான் அக்கா இருக்கிறாளே, அக்காவுக்குத் தெரியாததா?

"அக்கா, உங்களுக்குக் கொட்டினப்ப என்ன பண்ணினீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன பண்றது, பழகிக்கிட்டேன்," என்றாள் மூத்தவள். அதில் பொய் இல்லை. பொய்யில்லாமலே எவ்வளவு கொடுமை செய்யலாம், பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலு சித்தியின் அறையிலிருந்து எழுந்து வந்தாள். "சித்தி சடை குத்துதும்மா," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, பழையபடி அம்மா வயிற்றில் காலைப் போட்டுப் படுத்தாள். மூத்தவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். கை மரத்துப்போயும் அசைக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எதிர் அறை தெரிந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து, உதிர்ந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பந்தாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் மூத்தவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டது. நானும் சித்தியோடு நீந்துவேன் என்று வாலு ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் சிபாரிசு வேறு. சின்னவள் ஒரே சாயங்காலத்தில் குழந்தைக்கு நீச்சலுடை தைத்துவிட்டாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மூவரும் பஸ் ஏறினார்கள்.

மூத்தவள் அன்று சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே குழந்தையின் கூச்சலும் சின்னவளின் சிரிப்பும் கேட்டன. "ஒண்ணு... ரெண்டு... மூணுன்னதும் குதிக்கலாம். தொப்பிய இழுத்துப் பிடிச்சுக்கோ!"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாலுவின் பின்னல், காலையில் தன் கையாலேயே வகிடெடுத்துப் பின்னிய பின்னல், தொப்பிக்கு வெளியே காய்ந்து தொங்கியது. நனைக்காமலே குழந்தைக்குத் தொப்பி போட்டுவிட்டிருந்தாள் சின்னவள். தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வாள்?

"நில்லுங்க!"

கையிலிருந்த சாவிகள் கொட்டின. அவற்றை மிதித்துக்கொண்டு ஓடினாள். மகளைத் தூக்கிவந்து ஷவருக்கு அடியில் நிறுத்தி, படிக்கட்டின் கீழே பாய்ந்து வால்வைத் திருகினாள். ஆறு ஷவரும் ஒரே நேரத்தில் கொட்டின. தொப்பியைக் கழற்றினாள், பின்னலைப் பிரித்தாள், கை வேலை செய்யச் செய்ய வாய் அதன் பாட்டுக்குப் போனது. "தலைய நல்லா நனைக்கணும் கண்ணு. காஞ்ச தலை குளத்துத் தண்ணிய உறிஞ்சிடும். நல்ல தண்ணிய முதல்ல குடுத்துட்டா அப்புறம் அதுக்கு ஏது இடம்? வயிறு நெறஞ்ச புள்ள..."

பாட்டு அங்கே அறுந்தது.

திரும்பிப் பார்த்தாள். வாசலில் சின்னவள் நின்றாள். அவள் பார்வை ஷவரிலிருந்து வால்வுக்குப் போயிற்று, வால்விலிருந்து குழந்தையின் தலைக்கு வந்தது.

"தண்ணி ஏழு மணிக்குத்தான் விடுவாங்கன்னீங்க."

அந்த நேரம் பார்த்து விசில்காரர் வலைக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடையில் வந்தார். "என்னம்மா, இன்னிக்கு ஆறு மணிக்கே கச்சேரி ஆரம்பிச்சிட்டீங்க?" என்று மூத்தவளைப் பார்த்துச் சிரித்தார். சின்னவளிடம், "ஒரு நாளைக்கு நூறு தடவ இதைச் சொல்லுவாங்க. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். உங்களுக்கு வீட்டுலயும் இதே பாடமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நல்ல மனிதர். குண்டு போட்டதே அவருக்குத் தெரியாது.

"நூறு தடவையா?" என்றாள் சின்னவள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டு மனுஷிதானே என்று விட்டுவிட்டேன், வேலை அவசரத்தில் தோன்றவில்லை என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். சின்னவள் நம்பியிருப்பாள், நம்பத் தயாராகத்தான் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மூத்தவளால் முடியவில்லை.

"மறக்கலம்மா," என்றாள். "தெரிஞ்சேதான் சொல்லல."

"ஏன்?"

ஷவர் இரைச்சலில் வாலு கண்ணை மூடி வாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் அவளைக் காட்டினாள். "இவ உன் சடையப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினா. என்கிட்ட பிடிச்சுக்க ஒண்ணும் இல்லைன்னா."

 சின்னவள் நுனி ஒடிந்த சடையைக் கையில் எடுத்தாள். விரலால் நெருடினாள்.

"கேட்டிருந்தா வெட்டியே குடுத்திருப்பேனே அக்கா," என்றாள். "உங்க தலகாணி ஓரத்துல வெச்சுத் தெச்சுக் குடுத்திருப்பேன். தையக்காரிதானே நான்? அரைமணி நேர வேலை."

மூத்தவள் குனிந்து வால்வை மூடினாள். சின்னவள் குளத்தில் இறங்காமலே உடை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கழுத்தளவு முடியோடு வீடு வந்தாள். ஊசிகளே இல்லை. மாமியார் மார்பில் கை வைத்துக்கொண்டார். "யார் கண்ணு பட்டுச்சோ! யார் கண்ணுடி அது?"

"கண்ணு இல்ல அத்தை. குளத்துத் தண்ணி," என்றாள் சின்னவள். அதோடு நிறுத்திக்கொண்டாள். மூத்தவளை அவள் பார்க்கவில்லை.

காட்டிக்கொடுத்திருந்தால்கூட மூத்தவள் தாங்கியிருப்பாள். இரண்டு நாள் அந்த மௌனத்தைச் சுமந்து பார்த்தாள். மூன்றாம் நாள் மாமியார் மறுபடியும் கண்பட்ட கதையை எடுத்தபோது, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "என் கண்ணுதான் அத்தை," என்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மாமியார் திட்டவில்லை. "நீயா?" என்றார், அவ்வளவுதான். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை ஒரு வாரம் வீட்டுக்குள் நடமாடியது. சின்னவள் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். உப்பு எங்கே, கதவு சாத்தியாச்சா. அக்கா என்ற சொல் வரவே இல்லை. குளத்துக்கும் அவள் போகவில்லை. முதுகு மறுபடி பிடித்துக்கொண்டு, மிஷினிலிருந்து எழும்போது இடுப்பில் கை ஊன்றுகிறாள் என்று மூத்தவள் கவனித்தாள். கவனித்து என்ன, கேட்க வாய் ஏது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டு முடித்த வாலு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். மூத்தவள் பாயை விரித்து, தன் பக்கத்தில் இடம் விட்டுப் படுத்தாள். குழந்தை அவளைத் தாண்டிச் சித்தியின் அறைக்குப் போயிற்று.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாசலில் நின்றாள். சின்னவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிடித்துக்கொள்ள அங்கேயும் ஒன்றுமில்லை. அதனால் என்ன? வாலு சித்தியின் காதுமடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் அதே நெருப்பு எழுந்தது. சடை போய்விட்டது, மகள் திரும்பி வந்த சந்தோஷமும் போய்விட்டது, நெருப்பு மட்டும் அப்படியே இருந்தது. அட பாவி மனமே என்று மூத்தவளுக்கே சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

சின்னவள் கண் திறந்தாள். வாசலில் நிற்பவளையும், தன் காதைப் பிடித்திருந்த குட்டிக் கையையும் பார்த்தாள். அசையவில்லை, குழந்தை எழுந்துவிடுமே.

"அக்கா," என்றாள். பத்து நாளுக்குப் பிறகு. "குளத்துல எறங்கினா காதுக்கு என்ன ஆகும்? அதையாவது இப்பவே சொல்லிடுங்க."

ஊசி குத்தின மாதிரிதான் இருந்தது. அது விளையாட்டா, வஞ்சமா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. மூத்தவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"ரப்பர் அடைப்பான் இருக்கு," என்றாள் மெல்ல. "உன் காதுக்குச் சின்ன சைஸ் போதும். நாளைக்கு எடுத்து வைக்கிறேன். ஏறினதும் தலைய ஒரு பக்கமா சாச்சு வடிச்சிடணும். பட்ஸ் போட்டுக் குடையக் கூடாது."

"ம்."

"முடி கழுத்தளவுதானே, இப்ப ரெண்டு நிமிஷம் நனைச்சா போதும். அஞ்சே முக்காலுக்கே வால்வத் திறந்து வைக்கிறேன். ஏறினதும் அங்கயே ஷாம்பூ போட்டு அலசிடு. பஸ் போனா போகட்டும், அடுத்த பஸ் வரை உன்கூட நிக்கிறேன். துண்டால முறுக்கிப் பிழியாத, ஒத்தி எடு. ஈரத்தோட சீப்பு வைக்காத. ஈரமா முடிஞ்சிக்காத. கண்ணாடி போடாம கண்ணத் திறக்காத, எரியும்..."

சின்னவள் சரி என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் தெரிந்ததையெல்லாம், குழந்தை எழுந்துவிடாத குரலில், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.